விமானம் அவர்களுடையது, கடன் யாருடையது?

எங்களோடு உயர்தரம் படித்த கூட்டாளி ஒருத்தன் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தும் பொறியியலுக்குப் போகவில்லை. பைலட் ஆகப்போறன் என்று ஒற்றைக்காலில் நின்றான். வீட்டில் ஒரு காணியை விற்றார்கள். போதாததுக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது. இப்போது வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது, வேலை மட்டும் இல்லை. கேட்டால், "ரைப் ரேட்டிங் இருந்தா எடுப்பினம்" என்கிறான். அதற்கு இன்னொரு பெருந்தொகை வேண்டும். அதுவும் டொலரில். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தாண்டிப் போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய வீட்டுக்கு அது இன்னும் நல்லாத் தெரியும்.

போன விடுமுறையில் அவன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டான். "பஸ் ஓட்டப் போறவன் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு போகோணும், அது சரி. ஆனா அந்த டிப்போவில நிக்கிற பஸ்ஸைப் பழகிறதுக்கும் அவனே காசு கட்டவேணுமே?"

நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள். விமானத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அது மேலே போகும்போது அண்ணாந்து பார்ப்பதுதான். ஆனால் அவன் கேட்டது விமானத்தைப் பற்றிய கேள்வி இல்லை. ஒரு தொழிலைப் பழகும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்கிறோம்.

முதலில், ரைப் ரேட்டிங் என்றால் என்ன?

விமானி அனுமதிப்பத்திரம் எடுத்த ஒருவர் எந்தப் பயணிகள் விமானத்திலும் ஏறி ஓட்டிவிட முடியாது. பெரிய விமானங்களில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகப் பயிற்சி எடுத்து, சோதனையில் தேறி, அதை அனுமதிப்பத்திரத்தில் பதிய வேண்டும். இந்தப் பதிவுதான் ரைப் ரேட்டிங். எயார்பஸ் ஏ320 க்கு எடுத்தவர் அதே குடும்பத்து ஏ319, ஏ321 ஆகியவற்றையும் ஓட்டலாம். போயிங் 737 இல் உட்கார முடியாது. அதற்கு வேறு பயிற்சி.

பயிற்சி சில வாரங்கள் எடுக்கும். முதலில் வகுப்பறையில் விமானத்தின் எரிபொருள், மின்சாரம், ஹைட்ரோலிக் தொகுதிகள் எல்லாம். பிறகு சிமுலேட்டர். இயந்திரம் நின்றால் என்ன செய்வது, புகை வந்தால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பப் பழகுவார்கள். புதியவர் என்றால் கடைசியில் உண்மையான வெறும் விமானத்தை எடுத்து, ஏற்றி இறக்கிக் காட்டவேண்டும். ஐரோப்பியச் சந்தையில் இதற்கு 20,000 யூரோ முதல் 30,000 யூரோ வரை போகும். இது அடிப்படை அனுமதிப்பத்திரத்துக்குச் செலவழித்த பெருந்தொகைக்கு மேலதிகமானது.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பட்டம் எடுத்தால் அது சாகும்வரை உங்களோடு இருக்கும். ரைப் ரேட்டிங் அப்படி இல்லை. ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வருடாவருடம் சோதனையில் தேறிப் புதுப்பிக்க வேண்டும். வேலை உள்ளவருக்கு அதைக் கொம்பனி செய்துவிடும். வேலை இல்லாதவர் சிமுலேட்டரைத் தன் காசிலேயே வாடகைக்கு எடுக்க வேண்டும். அதாவது கடன் அப்படியே இருக்க, கடன் வாங்கி வாங்கிய பொருள் காலாவதியாகிப் போகும்.

காசு கட்டித் தொழில் பழகிய காலம்

தொழில் பழகுவதற்குக் காசு கட்டுவது விமானத்தோடு வந்த புதினம் இல்லை. இங்கிலாந்தில் 1563 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கைத்தொழில் செய்ய விரும்புகிறவர் ஏழு வருடம் ஒரு முதலாளியிடம் பயிலுநராக இருக்கவேண்டும் என்றது. பெற்றோர் முதலாளிக்கு ஒரு தொகை கொடுத்துப் பிள்ளையைச் சேர்ப்பார்கள். அதைப் பிரீமியம் என்றார்கள். சப்பாத்துத் தைப்பவரிடம் சேர்க்கச் சில பவுண் போதும். லண்டன் பெருவணிகரிடம் சேர்க்க நூற்றுக்கணக்கான பவுண் வேண்டும். இது எவ்வளவு பரவலான வழக்கம் என்றால், 1710 இல் இருந்து அரசாங்கம் இதற்கு வரியே அறவிட்டது. 50 பவுணுக்கு உட்பட்ட பிரீமியத்துக்குப் பவுணுக்கு ஆறு பென்ஸ், அதற்கு மேல் போனால் பவுணுக்கு ஒரு ஷில்லிங். இன்றைக்கு வரலாற்றாய்வாளர்கள் அந்தக் காலத்துப் பயிலுநர்களைப் பற்றி இவ்வளவு எழுத முடிகிறதென்றால், இந்த வரிப் பதிவேடுகள்தான் காரணம்.

கப்பலிலும் இதே கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகக் கப்பலில் அதிகாரியாக வர விரும்பிய பெடியன்களின் குடும்பங்கள் கப்பல் கொம்பனிக்குப் பிரீமியம் கட்டின. விமானிகளின் தொப்பியும் தோளில் உள்ள கோடுகளும், கப்டன் என்ற பெயரும் கப்பலில் இருந்து வந்தவைதான். காசு கட்டும் பழக்கமும் கூடவே வந்துவிட்டதோ என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பிரீமியம் வாங்கிய முதலாளி அந்த ஏழு வருடமும் பயிலுநருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஒப்பந்தம் இரண்டு பக்கத்தையும் கட்டியது. பெடியன் ஓடக்கூடாது, முதலாளியும் துரத்தக்கூடாது. இன்றைக்கு ரைப் ரேட்டிங்குக்குக் காசு கட்டும் பலருக்கு அந்த இரண்டாவது பாதி கிடைப்பதில்லை. காசை வாங்குகிறவர் வேலையைத் தருவதாக எழுதிக் கொடுப்பது கட்டாயம் இல்லை.

75 பவுணும் திரும்பி வந்த காசும்

விமானம் பறக்கத் தொடங்கிய முதல் வருடங்களில் அது வசதி உள்ளவர்களின் விளையாட்டு. 1909 ஜூலை 25 இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிறகு, பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் பிரான்சிலும் இங்கிலாந்திலும் திறக்கப்பட்டன. காசு உள்ளவர்கள் கட்டணம் கட்டிப் படித்தார்கள். வேலைக்காகப் படிக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வேலையே அப்போது இல்லை.

காசு மட்டும் இருந்தாலும் போதாது. அமெரிக்காவில் பெசி கோல்மன் என்ற கறுப்பினப் பெண்ணை எந்தப் பறத்தல் பள்ளியும் சேர்க்கவில்லை. சிக்காகோவில் நகம் அலங்கரிக்கும் வேலை செய்து காசு சேர்த்து, ஆதரவாளர்களிடமும் உதவி பெற்று, பிரெஞ்சு மொழி படித்து, பிரான்சுக்குப் போனார். 1921 ஜூன் 15 இல் அனுமதிப்பத்திரம் எடுத்தார். கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர்களில் அவர் ஒருவர் உள்ளே போனதை நாங்கள் கொண்டாடுகிறோம். போக முடியாமல் நின்றவர்களின் பெயர் எங்கும் இல்லை.

எங்களுக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது வேறொரு விஷயம். பிரித்தானியா 1912 இல் அரச விமானப் படையணியை உருவாக்கியபோது, அதில் சேர விரும்பிய அதிகாரி முதலில் தன் காசில் ஒரு தனியார் பள்ளியில் பறக்கப் பழகிச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்றது. செலவு 75 பவுண். ஆனால் அவரைப் படையில் ஏற்றுக்கொண்டால் அந்த 75 பவுணைத் திருப்பிக் கொடுத்தார்கள். நூறு வருடத்துக்கு முதல், ஒரு இராணுவமே, "உன்னை நாங்கள் பயன்படுத்தப் போகிறோம் என்றால் நீ பழகிய செலவு எங்களுடையது" என்று ஒத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் முன்பணமாகப் போட 75 பவுண் இல்லாதவர் அந்த வரிசையிலேயே நின்றிருக்க முடியாது என்பதையும் மறக்கக்கூடாது.

அரசும் கொம்பனியும் காசு கட்டிய காலம்

போர் எல்லாவற்றையும் மாற்றியது. ஆயிரக்கணக்கில் விமானிகள் வேண்டும் என்று வந்ததும், காசு உள்ளவன் மட்டும் வா என்று சொல்லிக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம் கழித்து, 1939 டிசம்பர் 17 இல், பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் கூட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டன. 1945 வரைக்கும் கனடாவில் மட்டும் 130,000 க்கு மேற்பட்ட விமானிகளும் வான்பணியாளர்களும் பயிற்றப்பட்டார்கள். விவசாயியின் மகனும் கடைச் சிப்பந்தியும் விமானி ஆனார்கள். அமெரிக்காவில் 1944 இல் வந்த படைவீரர் நலச் சட்டம், போர் முடிந்து வந்தவர்கள் பறக்கப் படிப்பதற்கும் உதவித்தொகை கொடுத்தது.

போருக்குப் பிறகு விமானக் கொம்பனிகளுக்குப் பயிற்சிச் செலவு என்று பெரிய தலையிடி இருக்கவில்லை. இராணுவம் மக்களின் வரிப்பணத்தில் பயிற்றிய ஆட்கள் வாசலில் நின்றார்கள். விமானங்கள்கூடப் போரின் மிச்சம்தான். எங்கட நாட்டின் எயார் சிலோன் 1947 டிசம்பர் 10 இல் இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்கு முதல் பயணம் போனது. அதில் பறந்தது டகோட்டா. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கப்பட்ட அதே ரகம்.

போர்க்கால விமானிகளுக்கு வயது போகத் தொடங்கியதும் கொம்பனிகள் என்ன செய்தன? தாங்களே பள்ளி திறந்தன. ஜேர்மனியின் லுப்தான்சா 1956 இல் பிரேமன் நகரில் விமானிகள் பள்ளியைத் தொடங்கியது. பிரித்தானியாவின் இரண்டு அரச விமானக் கொம்பனிகளும் சேர்ந்து 1960 இல் ஹம்பிள் என்ற இடத்தில் பயிற்சிக் கல்லூரி திறந்தன. பள்ளி முடித்த பெடியன்களைப் பரீட்சை வைத்துத் தெரிவு செய்து, கொம்பனிச் செலவில் பயிற்றி, வேலையும் கொடுத்தார்கள். அங்கே படித்தவர் எந்த விமானத்தை ஓட்டப் பழகவேண்டும் என்று முடிவெடுத்ததும் கொம்பனி, காசு கட்டியதும் கொம்பனி.

இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. ஹம்பிளுக்குள் முதலில் பெண்களை எடுக்கவில்லை. அரசு நிர்ணயித்த உயர்ந்த பயணச்சீட்டு விலையில்தான் இந்தத் தாராளம் நடந்தது. அந்த விலை கொடுத்துப் பறக்க எங்கட அப்பப்பாமாரால் முடிந்திருக்காது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. விமானி தன் காசில் பழகவேண்டும் என்பது இயற்கை விதி இல்லை. ஒரு தலைமுறைக் காலம் அது வேறு மாதிரி நடந்திருக்கிறது.

எப்போது மாறியது?

1978 இல் அமெரிக்கா விமானச் சேவைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்த வழியில் பறப்பது, எவ்வளவு விலை வைப்பது என்பதைக் கொம்பனிகளே தீர்மானிக்கலாம் என்றானது. ஐரோப்பா 1990களில் அதே பாதையில் போனது. சீட்டு விலை விழுந்தது. ஆயிரக்கணக்கான சாதாரண குடும்பங்கள் முதன்முதலாக விமானத்தில் ஏறின. இது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் விலை விழும்போது செலவை எங்கேயாவது தள்ளவேண்டும். பயணப் பொதியை, சாப்பாட்டைப் பயணியின் பக்கம் தள்ளினார்கள். பயிற்சியைப் புதிய விமானியின் பக்கம் தள்ளினார்கள்.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் பல வருடங்கள், வேலைக்கு வருபவர் போயிங் 737 ரைப் ரேட்டிங்கோடுதான் வரவேண்டும் என்று வைத்திருந்தது. ஐரோப்பாவில் ரயன்எயார் புதிய துணை விமானிகள் தங்கள் ரைப் ரேட்டிங் செலவைத் தாங்களே கட்டும் முறையைப் பெருமளவில் நடத்தியது. இதற்கும் அடுத்த படி ஒன்று இருக்கிறது. காசு கட்டிப் பறப்பது. அதாவது பயணிகள் ஏறிய உண்மையான விமானத்தில் துணை விமானியாக உட்காருவதற்கு, மணித்தியாலக் கணக்கை நிரப்பிக்கொள்ள, விமானியே கொம்பனிக்குக் காசு கட்டுவது. சீட்டு வாங்கிய பயணி பின்னால் இருக்கிறார். சீட்டு வாங்கிய இன்னொருவர் முன்னால் இருக்கிறார். எங்கள் கூட்டாளி இதைச் சொன்னபோது நாங்கள் முதலில் நம்பவில்லை. ஐரோப்பிய விமானிகள் சங்கம் இதைத் தடைசெய்யச் சொல்லிப் பல வருடமாகப் போராடி வருகிறது.

2015 இல் கெண்ட் பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஆணைக்குழுவின் நிதியோடு ஒரு ஆய்வு வெளியிட்டது. 6,600 க்கும் மேற்பட்ட விமானிகள் பதில் அளித்தார்கள். ஆறில் ஒருவருக்கு மேற்பட்டோர் கொம்பனியின் நேரடி ஊழியர் இல்லை. முகவர் நிறுவனம் ஊடாகவோ, சுயதொழில் செய்பவர் என்ற பெயரிலோ பறந்துகொண்டிருந்தார்கள். பயிற்சிச் செலவும் அவருடையது, சுகவீனம் வந்தால் அந்த நாளும் அவருடையது.

பொருளியல் என்ன சொல்கிறது?

கொம்பனிகளின் பக்க நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். 1964 இல் கரி பெக்கர் என்ற பொருளியலாளர் மனித மூலதனம் பற்றிய தன் நூலில் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எங்கேயும் பயன்படும் பொதுப் பயிற்சி ஒன்று. அந்தக் கொம்பனியில் மட்டும் பயன்படும் தனிப் பயிற்சி மற்றது. பொதுப் பயிற்சிக்குக் கொம்பனி காசு கட்டாது, ஏனென்றால் பழகி முடித்தவரைப் பக்கத்துக் கொம்பனி கூடச் சம்பளம் கொடுத்துக் கொண்டுபோய்விடும். ஆகவே அதற்குத் தொழிலாளிதான் காசாகவோ குறைந்த சம்பளமாகவோ கட்டுவார் என்பது அவருடைய வாதம். ஏ320 ஐ உலகத்தில் நூற்றுக்கணக்கான கொம்பனிகள் ஓட்டுகின்றன. அந்தக் கணக்கில் அதன் ரைப் ரேட்டிங் பொதுப் பயிற்சி. விமானியே கட்டட்டும். சின்ன விமானக் கொம்பனி ஒன்று ஆளைப் பயிற்றி முடிய, ஆறு மாதத்தில் அவர் வளைகுடாவுக்குப் பறந்துபோனால் அந்தக் கொம்பனி என்ன செய்யும்? இது கற்பனைப் பயம் இல்லை.

ஆனால் எங்களுக்கு மூன்று இடத்தில் இந்த வாதம் இடறுகிறது.

முதலாவது, எந்த விமானத்தை வாங்குவது என்பதை விமானி தீர்மானிப்பதில்லை. கொம்பனி 737 ஐ விட்டு ஏ320 க்கு மாறினால் அங்கே ஏற்கனவே வேலை செய்யும் கப்டனுக்குப் புதிய ரைப் ரேட்டிங் வேண்டும். வழமையில் அதற்குக் கொம்பனிதான் காசு கட்டுகிறது. பயிற்சி ஒன்று, சான்றிதழ் ஒன்று, வேறு கொம்பனிக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய தன்மையும் ஒன்று. பிறகு ஏன் புதியவர் மட்டும் கட்டவேண்டும்? பெக்கரின் கோட்பாட்டில் இதற்குப் பதில் இல்லை. பதில் எளிமையானது. கப்டனுக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. புதியவருக்குப் பின்னால் நீண்ட வரிசைதான் இருக்கிறது.

இரண்டாவது, 1990களின் கடைசியில் டரோன் அசெமோக்லுவும் யோர்ன்-ஸ்ரெபன் பிஷ்கேயும் பெக்கரைத் திருத்தினார்கள். ஜேர்மனியின் தொழிற்பயிலுநர் முறையில் கொம்பனிகள் பொதுப் பயிற்சிக்கும் காசு கட்டுகின்றன என்று காட்டினார்கள். வேலை மாறுவது புத்தகத்தில் இருப்பதுபோல் சுலபம் இல்லை. பயிற்றிய கொம்பனிக்குத்தான் யார் கெட்டிக்காரர் என்று தெரியும். ஆகவே பயிற்றுவது அதற்கு நட்டம் ஆகவேண்டும் என்று இல்லை.

மூன்றாவது, ஆபத்தை யார் தாங்குவது. ஒரு கொம்பனி 100 பேரைப் பயிற்றி 10 பேர் ஓடினால் செலவை மற்ற 90 பேரின் உழைப்பில் பரப்பிக்கொள்ளலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு காணி. 2020 இல் உலகமே விமானங்களைத் தரையில் கட்டிவைத்தபோது, புதிதாக ரைப் ரேட்டிங் வாங்கியவர்கள் கடனோடு வீட்டில் இருந்தார்கள். தாங்கக்கூடியவரிடம் இருந்து தாங்க முடியாதவரிடம் ஆபத்தைத் தள்ளுவதைத் திறமையான சந்தை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கடனும் பாதுகாப்பும்

இது விமானிகளின் சொந்தப் பிரச்சினை, பயணிக்கு என்ன என்று கேட்கலாம். இரண்டு சம்பவங்களை இங்கே கவனமாகச் சொல்கிறோம்.

2009 பெப்ரவரி 12 இல் அமெரிக்காவில் பஃபலோ அருகே கொல்கன் எயார் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் இழக்கும் எச்சரிக்கை வந்தபோது கப்டன் எடுத்த பிழையான நடவடிக்கையே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. பயிற்சிக்குக் காசு கட்டியது காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் விசாரணை அந்தத் தொழிலின் அடிவயிற்றைத் திறந்து காட்டியது. துணை விமானியின் வருடச் சம்பளம் ஏறக்குறைய 16,000 டொலர். வேலைக்கு வருவதற்காக முதல்நாள் இரவு நாட்டின் மறுகரையில் இருந்து விமானம் மாறி மாறி வந்திருந்தார். கப்டனோ முன்னர் காசு கட்டித் துணை விமானியாகப் பறக்கும் திட்டம் ஒன்றின் ஊடாகத் தொழிலுக்குள் வந்தவர். அதே மாதம், ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கப்டன் சலன்பேர்கர் அமெரிக்கக் காங்கிரசில் சாட்சியம் அளித்தார். தன் சம்பளம் 40 வீதம் வெட்டப்பட்டதையும், தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று விரும்பும் விமானி ஒருவரையும் தனக்குத் தெரியாது என்பதையும் அங்கே சொன்னார்.

அதற்குப் பிறகு 2010 இல் சட்டம் வந்து, 2013 இல் துணை விமானிகளும் பொதுவாக 1,500 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும் என்றானது. ஆட்கள் குறைந்தார்கள். வரிசை சுருங்கியது. சம்பளம் ஏறியது. அமெரிக்கக் கொம்பனிகள் ரைப் ரேட்டிங் செலவைத் தாங்கள் ஏற்பதோடு, சேருவதற்கு ஊக்கப்பணமும் கொடுக்கத் தொடங்கின. "எங்களால் கட்டவே முடியாது" என்ற வாதம் எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, 2015 மார்ச் 24 இல் துணை விமானி ஒருவரே ஜேர்மன்விங்ஸ் விமானத்தை மலையில் மோதியதில் 150 பேர் இறந்த சம்பவம். அதைக் கடனால் விளக்க முயல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் பிரெஞ்சு விசாரணை அறிக்கை ஒரு விஷயத்தைக் குறித்தது. பறக்கும் தகுதியை இழந்தால் வரும் வருமான இழப்புக்குக் காப்புறுதி போதாமல் இருந்ததும், ஒரு விமானி தன் நோயை வெளியே சொல்லாமல் மறைக்கத் தூண்டும் காரணங்களில் ஒன்று. கழுத்தளவு கடனில் இருப்பவர் "எனக்கு இன்றைக்கு ஏலாது" என்று சொல்லத் தயங்குவார். அதைச் சொல்வதுதான் விமானியின் வேலையில் முக்கியமான பகுதி.

துண்டு

கொம்பனிகள் காட்டும் இன்னொரு வழி பொண்ட். கொம்பனி பயிற்சிக்குக் காசு கட்டும், விமானி மூன்று அல்லது ஐந்து வருடம் இருக்கவேண்டும், இடையில் போனால் மிச்சத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். நியாயம் போல் தெரிகிறது. நாங்களும் ஓரளவுக்கு இதை ஏற்கிறோம். ஆனால் இந்த இடத்தில் எங்கட நாட்டு வரலாறு ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது.

தமிழ்நாட்டில் இருந்து மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள் வேலை தொடங்கும் முன்பே கடனாளிகள். பயணச் செலவு, வழிச் சாப்பாடு, கங்காணி கொடுத்த முற்பணம் எல்லாம் அவர்கள் பேரில் எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றால் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இவ்வளவு கடனைக் கட்டினால் இவரை விடலாம் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அழியாது, ஆளோடு சேர்ந்து தோட்டம் மாறும். இந்தத் துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

விமானியின் நிலைமையும் மலையக மக்கள் பட்ட பாடும் ஒன்று என்று சொன்னால் அது பொய், அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. விமானி விரும்பி வந்தவர், படித்தவர், நாளைக்குக் கப்டன் ஆனால் நல்லாய் உழைப்பார். நாங்கள் ஒப்பிடுவது ஆட்களை இல்லை, பொறிமுறையை. வேலைக்கு வருவதற்கான செலவை வேலை கொடுப்பவர் தொழிலாளியின் கடனாக எழுதி வைத்தால், அந்தக் கடன் வெறும் கணக்கு இல்லை, ஒரு கயிறு. சம்பளம் குறைவு என்றோ, களைப்பாக இருக்கிறது என்றோ வாய் திறக்க முடியாது. எவ்வளவு நீளமான கயிறு, யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படியென்றால் எது நியாயம்?

ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் வேலை நிபந்தனைகள் பற்றிய ஒரு பணிப்புரை கொண்டுவந்தது. சட்டப்படி வேலை கொடுப்பவர் அளிக்கவேண்டிய பயிற்சியை இலவசமாக அளிக்கவேண்டும், அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கெடுக்கவேண்டும் என்று அதன் 13 ஆம் உறுப்புரை சொல்கிறது. படித்ததும் சந்தோஷப்பட்டோம். பிறகு முகவுரையைப் பார்த்தால், தொழில்சார் தகுதி ஒன்றைப் பெறுவதற்கான பயிற்சியை அளிக்கும்படி சட்டம் வேலை கொடுப்பவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்றால் இது பொருந்தாது என்று இருக்கிறது. ரைப் ரேட்டிங் நழுவிப் போகக்கூடிய ஓட்டை அதுதான்.

எங்கள் நிலைப்பாடு இது. அடிப்படை அனுமதிப்பத்திரம் ஒரு தொழிற்கல்வி. அதன் செலவை மாணவர், அரசு, கொம்பனி எப்படிப் பங்கிடுவது என்று விவாதிக்கலாம். ரைப் ரேட்டிங் அப்படி இல்லை. அது ஒரு குறிப்பிட்ட கொம்பனி வாங்கிய குறிப்பிட்ட இயந்திரத்தை ஓட்டுவதற்கானது, வேலை இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் செத்துப்போவது. அதைக் கொம்பனி கட்டவேண்டும். ஆள் ஓடிவிடுவார் என்ற பயத்துக்கு, மாதாமாதம் குறைந்துகொண்டு போகும் ஒரு குறுகிய பொண்ட் போதும். கொம்பனியே ஆளை நிறுத்தினால் அந்தக் கடன் அந்த நிமிடமே இல்லாமல் போகவேண்டும். காசு கட்டிப் பயணிகளோடு பறக்கும் முறையைச் சட்டத்தால் நிறுத்தவேண்டும். இதனால் பயணச்சீட்டு கொஞ்சம் கூடலாம். ஒரு ரைப் ரேட்டிங் செலவை அந்த விமானி சில வருடங்களில் ஏற்றி இறக்கும் பல்லாயிரம் பயணிகளுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு பிளேன்ரீக் காசுகூட வராது.

இதை எழுதுகிற நாங்கள் 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள். கன்னங்கரா கொண்டுவந்த அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் கம்பஸ் வாசலையே கண்டிருக்க மாட்டோம். எங்கள் படிப்புச் செலவை யாரோ முகம் தெரியாத ஆட்கள் வரியாகக் கட்டினார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி எங்களைக் குடைகிறது. எந்தக் கதவுக்கு முன்னாலும் ஒரு உண்டியலை வைத்தால் உள்ளே போகிறவர் கெட்டிக்காரராக இருக்கவேண்டும் என்று இல்லை, காணி உள்ளவராக இருந்தால் போதும்.

கூட்டாளியிடம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினோம். 75 பவுண் திரும்பி வந்த பகுதியில் சிரித்தான். "அந்த நேரம் பிறந்திருக்கலாம்" என்றான். அந்த நேரம் பிறந்திருந்தால் உன்னை அந்தப் படையணியில் அதிகாரியாக எடுத்திருக்கவே மாட்டார்கள் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப இனித்தான் அந்த நேரம் வரவேணும்" என்றான்.